சாய்கோடு போட்ட உண்மை

நான் வேலை பார்க்கும் லீட்ஸ் நகரத்து அலுவலகத்தில் யாரும் சிரித்துக்கொண்டே எதையும் சொல்வதில்லை, சிரித்ததாக எழுதிவிடுகிறார்கள். அடுத்த நாற்காலியில் இருப்பவர்கூட சாட்டில்தான் பேசுவார். எழுதியதன் கடைசியில் ஒரு சாய்கோடு, அதன்பின் ஓர் ஆங்கில எழுத்து, சிலசமயம் மூன்று. ஜே என்றால் விளையாட்டு. எஸ் என்றால் குத்தல். எஸ்ஆர்எஸ் என்று வந்தால் சீரியஸ், இது உண்மை, நம்பலாம் என்று பொருள். இளசுகள் கொண்டுவந்த பழக்கம். தலை நரைக்கிற வயதில் இதையும் நான் படிக்க வேண்டியதாயிற்று.

படிக்கவைத்தவள் எமிலி, பக்கத்து மேசைப் பெண், நல்ல பிள்ளை. அம்மாவின் பிறந்தநாளுக்கு முதன்முதலாகக் கேக் செய்து படம் அனுப்பியிருந்தாள். அழகாகவே இருந்தது. "ஐயோ பாவம் உன் அம்மா" என்று பதில் எழுதினேன். குற்றாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் இலஞ்சியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடித்தவர்களை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று வளர்ந்தவர்கள் நாம். பிள்ளை நல்ல மார்க் வாங்கினால், "பரவால்லயே, கழுத பாசாயிட்டே" என்போம். அதில்தான் கொஞ்சலே இருக்கிறது. எமிலி அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. மறுநாள், "அதை நிஜமாகவா சொன்னீர்கள்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியானால் கடைசியில் ஜே போட்டிருக்கலாமே" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு மிகவும் சங்கடமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அடையாளம் போடுகிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, இதை எந்த முகத்தோடு சொன்னேன் என்று என்னையே கேட்டுக்கொள்வது எவ்வளவு அலுப்பு என்பது செய்துபார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊரில் அப்பாவும் தம்பி முருகேசனும் இருக்கிறார்கள். இந்த முறை குற்றாலத்தில் அருவிச் சீசன் தொடங்கியதிலிருந்து அப்பா போனில் வரவில்லை. கேட்டால், "தூங்குதாவ", "கடைக்குப் போயிருக்காவ" என்று தம்பியிடமிருந்து மெசேஜ் வரும். பேரருவிக் கூட்டத்தைப் படமெடுத்து அனுப்புவான். சீசனில் ஒருநாளும் குளியல் தவறாத அப்பா அந்தப் படங்களில் இருக்கமாட்டார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். "அங்கன ஒத்தையில கெடந்து என்ன செய்வா" என்பார்கள். அம்மா கடைசியாகப் படுத்தபோதும், "சும்மா காய்ச்சல்தான்" என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதனால்தான் முருகேசனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஏலே, மெசேஜுல உன் மொகம் தெரிய மாட்டேங்கு. வெளையாட்டுன்னா ஜே போடு. நெசம்னா எஸ்ஆர்எஸ் போடு."

"என்னக்கா, கஸ்டமர் கேர் மாரி பேசுத?" என்று சிரித்தான்.

அதன்பிறகு கேலிக்கென்றே, "கத்தரிக்கா கொழம்பு, ஜே", "கரண்டு போயிட்டு, ஜே" என்று எல்லாவற்றிலும் ஒட்டத் தொடங்கினான். எரிச்சலாக இருந்தாலும், அவன் கேலி செய்கிறவரை வீட்டில் ஒன்றுமில்லை என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, "அப்பா எப்படி இருக்காவ?" என்று கேட்டிருந்தேன். "நல்லா இருக்காவ. நீ வேலையப் பாரு" என்று பதில் வந்தது. கடைசியில் சாய்கோடு, எஸ்ஆர்எஸ்.

எமிலி என்ன என்று கேட்டாள். சொன்னேன். "எஸ்ஆர்எஸ் போட்டிருக்கிறாரே, அப்பாடா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நான் அந்த வரியை மறுபடி படித்தேன். போடச் சொன்னது நான்தான். ஆனால் நம் பக்கத்தில் உள்ளதைச் சொல்கிறவன் "நெசமாத்தான்" என்று சேர்ப்பதில்லை. கத்தரிக்காய்க்கெல்லாம் கேலி பண்ணியவன் அப்பா விஷயத்தில் இவ்வளவு ஒழுங்காக முத்திரை குத்துகிறான் என்றால், என்னவோ நடந்திருக்கிறது. உடனே போன் போட்டேன்.

"எங்கலே இருக்க?"

"தென்காசியிலக்கா. ஆஸ்பத்திரியில. மூச்சு முட்டுதுன்னாவ, சேத்துருக்கு. அப்பாதான் உங்கிட்ட சொல்லாதன்னாவ."

போன் கை மாறியது. "ஏட்டி, அங்கன மழையா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"இங்கனயும் சாரல்தான்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே இளைப்பு கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஊருக்கு டிக்கெட் போட்டேன். அலுவலகச் சாட்டில், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன்" என்று எழுதி, மறக்காமல் எஸ்ஆர்எஸ் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் இங்கே என் துக்கத்துக்கும் மதிப்பில்லை. பிறகு அதே போனில் தம்பிக்கு, "கெளம்பிட்டேன்" என்று மட்டும் எழுதினேன்.

"வராதக்கா. நாங்க பாத்துக்கிடுதோம்" என்று பதில் வந்தது.

கடைசியில் எந்த எழுத்தும் இல்லை. முத்திரை இல்லாத பேச்சில், நம் வீடுகளில் 'வராத' என்றால் வா என்றுதான் அர்த்தம்; தம்பி என்னை வரச் சொல்கிறான் என்று புரிந்தது. பெட்டியை எடுத்தேன்.