டிரைவர் கலியமூர்த்தியின் அரைஞாண் கயிறு

கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ் ஓட்டுகிற கலியமூர்த்திக்கு உட்காருவதுதான் பிழைப்பு. கடவுள் பார்த்து அங்கேயே வைத்தார் பவுத்திரத்தை. ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை. சீழ் வரும், ஆறும், மறுபடி வீங்கும். இரண்டு வருஷமாக அந்தப் பஸ் அவருடைய பாதிப் பிட்டத்தில்தான் ஓடியது. வீட்டில் முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தார். சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து ஒரு வைத்தியரிடம் போய்ச் சூடு வாங்கி வந்ததில், ஒரு ஓட்டை இரண்டானதுதான் மிச்சம்.

கடலூர் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். “வெளிய தெரியறது வாசல்தான். உள்ள எத்தன கிளை, எங்க சீழ் தேங்கியிருக்குன்னு எம்ஆர்ஐ பாக்காம கத்தி வச்சா, மலத்தை அடக்குற தசை போயிடும். அப்புறம் பஸ்ஸை மறந்துடுங்க.”

கடலூரில் எடுத்தால் ஊர் சிரிக்கும் என்று சிதம்பரத்துக்குப் போனார். தினமும் பஸ் ஓட்டிப் போகிற ஊரில் தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்த மூளையை என்ன சொல்வது. ஸ்கேனுக்கு முன் உடை மாற்றும் அறையில் நின்ற டெக்னீசியன் சத்யப்பிரியா, புதுச்சத்திரத்தில் தினம் ஏறுகிற பெண். ஆடி அசைந்து ஏறுகிறாள் என்று முந்தின நாள்தான் அவளை ஏசியிருந்தார்.

“வாங்க டிரைவரண்ணா” என்றாள். டாக்டர் எழுதிய சீட்டைப் படித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மோதிரம், செல்போன், பெல்ட் எல்லாம் கழன்றன. அரைஞாண் கயிற்றில் வந்து நின்றது. அதில் செம்புத் தாயத்து. உலோகம் காந்தத்துக்குள் வரக்கூடாது, படமும் கெட்டுப்போகும் என்றாள். முடிச்சோ வருஷக்கணக்கில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அறுக்கத்தான் வேண்டும்.

“பொணத்துக்குத்தாம்மா இதை அறுப்பாங்க. எனக்கு ஸ்கேனே வேணாம்.”

ஆஸ்பத்திரி அங்கி பின்பக்கம் திறந்து கிடக்க, அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார்.

சத்யப்பிரியா வெளியே போய், அங்கே காத்திருந்த அவர் மனைவி லோகநாயகியிடம் விஷயத்தைச் சொன்னாள். லோகநாயகி வாதம் பண்ணவில்லை. கீழவீதிக்கு நடந்துபோய் ஒரு புதுக் கயிறு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“மொதல்ல புதுசைக் கட்டிடறேன். அப்புறம் பழசை அறுக்கலாம். இடுப்பு வெறுசா இருக்காது, போதுமா?”

கலியமூர்த்தி அங்கியை விலக்கி இடுப்பைக் காட்டினார். ஆனாலும், முதுகுவலிக்கு இத்தனை பாடா என்று முனகிப் பார்த்தார்.

“ரெண்டு வருசமா ஒங்க ஜட்டியத் தொவைக்கிறவ நான். முதுகா சீழ் வுடுது?”

சத்யப்பிரியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கத்தரிக்கோல் தன் வேலையைச் செய்தது. கியர் விழாத பழைய வண்டி மாதிரி அந்த மிஷின் கத்தி முடிக்கும்வரை, கலியமூர்த்தி புதுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

படத்தைக் கடலூர் டாக்டர் வெளிச்சத்தில் காட்டினார். ஆசனவாயைச் சுற்றி லாடம் போல வெள்ளைக் கோடு. பின்னால் யாருக்கும் தெரியாமல் ஒரு சீழ்ப்பை. இதைப் பார்க்காமல் வெட்டியிருந்தால் தசை போயிருக்கும் என்றார். முதலில் சீழை எடுத்துவிட்டு, அந்த வழியில் ஒரு நூலைக் கோத்துச் சில மாதம் விட்டுவைக்க வேண்டுமாம்.

கலியமூர்த்தி யோசித்தார். “இந்தக் கயித்தையாவது ஆள் உசுரோட இருக்கறப்பவே அறுப்பீங்களா சார்?”

டாக்டருக்கு விளங்கவில்லை. லோகநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நூலும் போனது, சீழும் நின்றது. இப்போது முழுப் பிட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறார். புதுச்சத்திரத்தில் கண்டக்டர் விசில் கொடுத்தாலும், சத்யப்பிரியா ஏறி உட்கார்ந்த பிறகுதான் பஸ் நகர்கிறது. தன்னை அத்தனை உள்ளே பார்த்தவளிடம் வேறு எப்படி நடந்துகொள்வது.