மிஞ்சிய ஏழு

எனக்கு முப்பத்தெட்டு வயதான பிறகும், லண்டன் எட்மண்டனில் இருக்கும் மாமி என்னைக் கண்டால், "இன்னும் படிக்கிறியோ பிள்ளை?" என்றுதான் கேட்பார். இயற்பியலில் 'ஸ்ட்ரிங் தியரி' எனும் இழைக் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்வதும் ஒரு வேலைதான் என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் நொந்துவிட்டது. அம்மாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. அவருக்கு ஒரே கேள்வி: "நிரந்தரமோ?" மூன்று நகரங்களில் மூன்று தற்காலிக ஒப்பந்தங்கள் பார்த்தாயிற்று. லண்டன் ஒப்பந்தமும் செப்டெம்பரில் முடிய இருந்தது.

அப்போதுதான் ஒரு நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகம் வந்தது. காட்டுவதற்கு என்னிடம் ஒரு நல்ல விடை இருந்தது. ஒருவகைக் கருந்துளையின் உள்நிலைகளை ஈர்ப்பு வழியாகவும் இழைகள் வழியாகவும் எண்ணினால் இரண்டும் ஒத்துவர வேண்டும்; கழித்தால் பூச்சியம். எங்கள் தொழில் வழக்கப்படி நானும் சென்னைக்காரரான என் கூட்டாளியும் ஒருவர் தாளை ஒருவர் பாராமல் கணக்கிட்டோம். இருவருக்கும் பூச்சியம். அன்று ஜூபிலி லைன் ரயிலில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன்.

நேர்முகத்துக்கு நான்கு நாள் இருக்கையில், அது ஏன் இவ்வளவு லேசாக வந்தது என்று மனம் அரிக்கத் தொடங்கியது. கூட்டாளியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அந்த முதல் சமன்பாட்டை எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"உங்க ஆய்வேட்டுலேர்ந்துதான். ஏன்?"

"நானும் அங்கயிருந்துதான்."

பதினொரு வருடங்களுக்கு முன் நான் எழுதிய அந்த மண்ணாங்கட்டிச் சமன்பாட்டில், கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி. திருத்திப் போட்டால் பூச்சியம் போய் ஏழு மிஞ்சியது. தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே பொறுக்கி விரித்தேன். ஆறில்லை, எட்டில்லை, ஏன் ஏழு?

"இன்டர்வியூ முடியற வரைக்கும் பேசாம இருந்துடலாமே," என்றார் கூட்டாளி, ஏழைச் சொன்னபோது.

"அங்க நிண்டு பூச்சியம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

நேர்முகத்தில், திரையில் போட்ட முதல் படத்திலேயே என் பிழையைக் காட்டிவிட்டு, ஏழு மிஞ்சுகிறது என்றேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பதவி வேறொருவருக்குப் போனது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

வெம்பிளி வீட்டில் அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"கிடைச்சுதோ?"

"இல்லை அம்மா." நடந்ததை முழுக்கச் சொன்னேன். கத்தி நின்றது.

"அது ஏன் ஏழு?"

இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி அது. கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பேனாவைத் தேடினேன்.