மூன்று படி ஏறினால் ஒரு லிட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை பரமு ஆண்ட்டியின் பேத்திக்குக் காதுகுத்து. மாசாயில் நாங்கள் முன்பு குடியிருந்த அடுக்குமாடியில்தான் அவர் இன்னும் இருக்கிறார். போய்ப் பார்த்தால், மின்தூக்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கே வளர்ந்த காலம் முழுக்க அதன் கதவில் 'பழுது' என்று மலாயில் எழுதிய அட்டை தொங்கியது. வெயிலில் எழுத்து வெளுத்துப்போனால் அட்டையை மட்டும் மாற்றுவார்கள். பழக்கத்தில் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். அந்த வாசனையில் நின்றுவிட்டேன்.

புதுச் சாயத்துக்கும், பள்ளியில் பேனா எழுத்தை மறைக்கப் பூசுவோமே அந்த வெள்ளைத் திரவத்துக்கும் ஏறக்குறைய ஒரே வாசனை. இரண்டிலும் கரைப்பான் ஆவியாகிறது, அவ்வளவுதான். நான் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் இப்படி ஒரு வரியில் விளக்கிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போவது எங்கள் தொழில்முறைக் கோளாறு. ஆனால் அந்தத் திரவத்தால், 'லிக்விட்' என்போம், நானும் தேவியும் இதே படிகளில் எழுதியிருக்கிறோம்.

தேவி நான்காவது மாடி, நான் இரண்டாவது. ஒரே தமிழ்ப்பள்ளி, பிறகு ஒரே இடைநிலைப்பள்ளியில், பதினாறு வயதில், நான்காம் படிவ அறிவியல் வகுப்பு. பாடம் மலாயில், மனக்கணக்கு தமிழில், திட்டிக்கொள்வது வாய்க்கு வந்த மொழியில். முதல் வேதியியல் சோதனையில் தேவி தேறவில்லை. அடுத்ததிலும் தேறாதவர்கள் பள்ளி விடுமுறைக்குப் பிறகு கணக்கியல் வகுப்புக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அவளுடைய அப்பா இதில் ஒரு குறையும் காணவில்லை. "அக்கவுண்ட்ஸ் படிச்சா ஏசி ரூம்ல உக்காரலாம்மா. நல்லதுதானே?" தேவிக்கு மருந்தகத்தில் வேலை பார்க்க வேண்டும். சின்ன வயதில் கிளினிக்கில், கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்டு மாத்திரை எண்ணிய பெண்ணைப் பார்த்தே முடிவுசெய்துவிட்டாள். அறிவியல் வகுப்பை விட்டால் அந்தக் கோட்டு கிடையாது.

அவளைக் கவிழ்த்தது அலகு மாற்றம். கரைசலின் அளவைக் கன சென்டிமீட்டரில் கொடுத்துவிட்டு, விடையைக் கன டெசிமீட்டரில் கேட்பார்கள். கன டெசிமீட்டர் என்றால் லிட்டர்தான். லிட்டர் என்று சொன்னால் வேதியியலுக்குக் கௌரவக் குறைச்சல் போலும். தமிழ்ப்பள்ளியில் எங்களுக்கு அளவைகளைப் படிக்கட்டாக வரைந்து காட்டியிருந்தார்கள். ஒரு படி ஏறினால் பத்தால் வகுக்க வேண்டும், இறங்கினால் பெருக்க வேண்டும். நீளத்துக்கு அது சரி. தேவி கன அளவுக்கும் ஒரே ஒரு படி ஏறினாள். 250 கன சென்டிமீட்டர் அமிலம் அவள் தாளில் 25 லிட்டர் ஆனது.

"இத பீக்கர்ல கொண்டாற முடியாதுடி. குளிக்கிற வாளியில ரெண்டு பேர் தூக்கிட்டு வரணும்" என்றேன்.

"சிரிக்காதலா. எனக்கு மண்டையில ஏற மாட்டுது."

"மண்டையில ஏறலன்னா கால்ல ஏத்து."

சும்மா சொன்னதுதான். இரண்டு வீட்டிலும் தொலைக்காட்சி அலறியதால் படிக்கட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து நின்று படிகளைப் பார்த்தாள். உடனே பையிலிருந்து லிக்விட்டை எடுத்தாள்.

ஒரு படியில் 'கன செ.மீ.' என்று எழுதினோம். மூன்று படி மேலே 'கன டெ.மீ.' நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. நான் கீழே நின்று எண்ணைக் கொடுப்பேன். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி புள்ளியை நகர்த்திக் கத்தியபடி ஏறுவாள். "டூ ஃபிஃப்டி! டுவெண்டி ஃபைவ்! டூ பாயிண்ட் ஃபைவ்! ஜீரோ பாயிண்ட் டூ ஃபைவ்!"

வாராவாரம் லாட்டரி நம்பர் வாங்கும் பரமு ஆண்ட்டி மூன்றாவது மாடியிலிருந்து தலையை நீட்டினார். "என்னா நம்பருடி அது? வாங்கலாமா?"

"கெமிஸ்ட்ரி நம்பரு ஆண்ட்டி, அடிக்காது."

"அடிக்காத நம்பருக்கு ஏண்டி இந்தச் சத்தம்?"

கேள்வி நியாயமானதுதான். சோதனை நெருங்க நெருங்க நானும் அவளோடு ஏற ஆரம்பித்தேன். எனக்கு அது தேவையே இல்லை. எனக்குச் சூத்திரங்களை வரிசையாக எழுதிப் படிப்பதுதான் பழக்கம். ஆனாலும் ஏறினேன்.

சோதனையை வேதியியல் ஆசிரியை தம் ஆய்வுக்கூடத்திலேயே நடத்தினார். அவரை சேகு என்று அழைப்போம். மலாய் ஆசிரியர் எவரையும் அப்படித்தான். கூடத்தில் இருந்தவை உயரமான முக்காலிகள், கால் வைக்க அடியில் இரும்புக் கம்பி. கேள்விகள் எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. கன அளவுக் கேள்வி வந்ததும் தேவியின் குதிகால் கம்பியில் இடித்தது. டங், டங், டங். கொஞ்ச நேரம் கழித்து அறையின் மறுபக்கத்திலிருந்து அதேபோல் மூன்று டங். அது நான். எனக்குத் தெரியாமலே என் காலும் படி ஏறிக்கொண்டிருந்தது.

சேகு இரண்டு தாள்களையும் எடுத்துவிட்டார். மூன்று தட்டு என்றால் மூன்றாவது விடை என்று ஒருத்தி சொல்ல மற்றவள் வாங்கிக்கொள்கிறாள் என்பது அவர் கணிப்பு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பார்த்து எழுதினால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் தேவிக்குக் கணக்கியல்.

தேவி அழவில்லை. "அலமாக், சேகு, அது படிக்கட்டு!" என்று மலாயில் சொன்னாள். ஒன்றும் புரியாமல் அவர் கையைக் கட்டிக்கொண்டார். "துஞ்சுக்" என்றார். காட்டு.

வெளியே, கூடத்தின் வாசலை ஒட்டி மாடிப்படி இருந்தது. சேகு கீழே நின்று எண்ணைச் சொன்னார். நானூறு கன சென்டிமீட்டர். தேவி வெள்ளைக் காலணியோடு ஏறினாள். நாற்பது. நான்கு. பூஜ்யம் புள்ளி நான்கு. அதே படியில் அவளை நிறுத்தி, இப்போது பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு லிட்டர் என்றார். ஒவ்வொரு படியாக இறங்கி எழுபதில் வந்து நின்றாள். ஜன்னல் முழுக்க வகுப்பு முகங்கள்.  சேகு எங்கள் தாள்களை நீட்டி, மீதியை எழுதச் சொன்னார். கால்களை மட்டும் கம்பியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

தேவி தேறினாள், மயிரிழையில். கணக்கியல் வகுப்புக்குப் போகவில்லை.

படிகளுக்கு இப்போது சாம்பல் நிறம். எங்கள் எழுத்து இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தேன். சிறு மேடுகூட இல்லை. இரண்டு அடுக்குச் சாயமாவது போட்டிருக்க வேண்டும். என் ஆய்வுக்கூடத்திலும் புதுக் கருவி வந்துவிட்டது. மாதிரியை வைத்தால் கேட்ட அலகில் விடை திரையில் வருகிறது. இடையில் யாரும் எதையும் வகுப்பதில்லை.

படிக்கட்டைப் படம் எடுத்துத் தேவிக்கு அனுப்பினேன். சிகாமட்டில் ஒரு மருந்தகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறாள். மதிய உணவு நேரத்தில்தான் குரல்பதிவு வந்தது.

"லிஃப்டு ஓடுதா? அப்ப இப்ப உள்ள பிள்ளைங்கள்லாம் எங்கடி உக்காந்து படிக்குதுங்க?"

காதுகுத்து வீட்டில் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். திரும்பும்போது நான் படிவழியாகவே இறங்கினேன். மூன்றாவது மாடியிலிருந்து தரை வரைக்கும், படியில் உட்கார்ந்திருந்த ஒருவரைக்கூட நான் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை.