யாரும் பறிக்காத பழம்

இந்த ஊரில் ஒருவரிடம் அவருடைய சம்பளத்தைக்கூடக் கேட்டுவிடலாம். ஹில்லாவை எங்கே பறித்தார் என்று மட்டும் கேட்கக்கூடாது. ஹில்லா என்பது வடபின்லாந்தின் சதுப்பில் விளையும் மஞ்சள் நிறச் சிறுபழம். மகளோடு இங்கே வந்த புதிதில், பக்கத்து வீட்டு ஐலா ஒரு பாட்டில் ஹில்லா ஜாம் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "காட்டில்" என்றாள். "எந்தக் காட்டில்?" மீனை எங்கே வாங்கினாய் என்று கேட்காமல் யாரையும் வீட்டுக்குள் விடாத ராயபுரத்தில் வளர்ந்தவன் நான். ஐலா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அவளுடைய முழங்கால் பலவீனமான பிறகு, வாளி பிடிக்க ஆள் தேவைப்பட்டு, அவளே என்னை அந்த இடத்துக்கு அழைத்துப் போனாள். பல்சா என்று இங்கே சொல்கிறார்கள்: உள்ளே பனி உறைந்த, மேலே கரிய மண் மூடிய மேடுகள். இப்போது குளிர்காலத்திலும் மழை பெய்கிறது. உள்பனி உருகி, மேடுகள் ஒவ்வொன்றாகக் குட்டையில் அமிழ்கின்றன. அங்கே பஞ்சுப்புல் மட்டும் வளர்கிறது. ஓரங்களோ காய்ந்துவிட்டன. பாசி வெளுத்து, காலடியில் நொறுங்குகிறது. அதில் பைன் கன்றுகள் முளைக்கின்றன. மிஞ்சிய ஒரே மேட்டில்தான் ஐலாவின் பழம். இதை இயற்கையின் மாற்றம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எண்ணூர்ப் புகைபோக்கிகளை அண்ணாந்து பார்த்து, முன்னேற்றம் என்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

கைதட்டியதோடு நிற்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு கம்பெனிக்காக எண்ணூர் உப்பங்கழியில் நிலம் அளக்கப் போனேன். சேற்றில் வேரூன்றிய கண்டல் செடிகளின் நிழலில் எத்திராஜ் என்ற மீனவர் வலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பேண்டு போட்டுகினு சேத்துல எறங்காத நைனா, உள்ள இஸ்துக்கும்" என்று சிரித்தார்.

மீன் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"இன்னிக்கு நம்ம பாடு இல்ல. அக்கரைக்காரன் மொறை. நம்மள்து நாளன்னிக்கு வருது. தண்ணி எங்க ஓடிப்பூடும், இங்கதான கீது?"

ஊர்கள் முறை வைத்துக் கழியைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைத்தான் அவர் பாடு என்றார். எனக்கு அது தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். மேலதிகாரிக்கு வெறும் நிலம் வேண்டும். படிவத்தில் பயன்படுத்துவோர் என்ற கட்டத்தில் 'எவருமில்லை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். மண் கொட்டினார்கள். கண்டல் கருகியது.

சில வருடங்கள் கழித்து டோல்கேட் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கைவண்டி என் வழியை மறித்தது. இழுத்தவர் எத்திராஜ்.

"இன்னா நைனா, சொகமா கீறியா? நம்ம மொறை வந்துச்சு. தண்ணியத்தான் காணோம்."

நான் பேருந்து வந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்தேன். பேருந்து வரவில்லை.

போன ஆகஸ்டில் ஐலாவின் சதுப்புக்கு, சாலை போட நினைக்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தாள். வாளியைப் புதருக்குள் தள்ளிவிட்டு நின்றோம்.

"இங்கே யாராவது பழம் பறிக்கிறார்களா?"

"யாரும் இல்லை. நாங்கள் சும்மா நடக்க வந்தோம்" என்றாள் ஐலா. வேறென்ன சொல்வாள்? இடத்தைக் காட்டிக்கொடுக்காத வழக்கத்தில் எழுபது வருடம் வாழ்ந்தவள்.

"பாதி காய்ந்தும்விட்டது" என்று அந்தப் பெண் திரையில் விரலை வைத்தாள். அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும்.

"இன்னாமே எழுதுற? அழி அத!" என் வாயில் தமிழ்தான் வந்தது. அவள் மிரண்டு பின்வாங்கினாள். பிறகு, தெரிந்த பின்னிஷில், புதரிலிருந்து வாளியை எடுத்து நீட்டிச் சொன்னேன்: "இவள் பறிக்கிறாள். இவள் அம்மாவும் பறித்தாள். எழுது."

அவள் எழுதினாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் இந்த ஊரா?"

என் ஊரில் நின்று, என் மொழி பேசியவரை இல்லையென்று எழுதியவன், இங்கே எந்த வாயால் ஊர் சொல்வது?

"இடத்தைச் சொல்ல உன்னை யார் கேட்டது?" என்றாள் ஐலா என்னிடம். வாளியைப் பிடுங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

சதுப்பைக் கடக்க ஒற்றைப் பலகைப் பாதைதான். அடியில் பனி உருகியதால் பலகையின் ஒரு முனை நீரில் கிடந்தது, மறுமுனை மேட்டில். நான் நடுவில் வந்ததும் அது ஆடியது. அப்படியே நின்றுவிட்டேன்.

ஐலா மேட்டு முனையை மிதித்து, நான் கடந்து முடிக்கும்வரை அழுத்திப் பிடித்திருந்தாள். திரும்பி மட்டும் பார்க்கவில்லை.