மார்லிஸ் ஓட்டிய வியாழக்கிழமை பஸ்

மார்லிஸ் நோவக்கை எங்கள் ஊரில் "நல்ல டிரைவர்" என்று பாராட்டுவார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நெப்ராஸ்காவின் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளியில், பதினேழு வயதுக்குள் அங்கிருந்த கணக்குப் பாடம் அத்தனையும் முடித்தவள் அவள். மேலே சொல்லித்தர ஆள் இல்லை. கடைசி வருடம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களை அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினாள். அப்புறம் கல்யாணம், அப்புறம் பள்ளி பஸ்.

நான் அதே பள்ளிச் சமையலறையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். நடந்ததெல்லாம் என் கண்ணால் பார்த்தது.

நாற்பது மைல் தள்ளியிருக்கும் கல்லூரி, பள்ளிப் பிள்ளைகளும் வந்து படிக்கலாம், தேறினால் அது கல்லூரிப் படிப்பிலேயே சேரும் என்று கடிதம் அனுப்பியது. எங்கள் பள்ளி நிர்வாகக் குழு அதைப் படித்துவிட்டு மூலையில் போட்டது. மார்லிஸ்தான் வீடு வீடாகப் போனாள். மாட்டுக் கொட்டகைகளில் சாணியை மிதித்துக்கொண்டு அப்பாக்களிடம் பேசினாள்.

"உங்க டெஸ்ஸா திரும்பி வந்தே பாலைக் கறக்கட்டும். நான் வாசல்லயே இறக்கி விடுறேன். வேறென்ன சாக்கு இருக்கு, சொல்லுங்க?"

பதினோரு பேர் சேர்ந்ததும் குழுவும் பஸ்ஸைத் தர வேண்டியதாயிற்று. செவ்வாயும் வியாழனும் மதியம் கிளம்பி மாலை ஏழு மணிக்குத் திரும்பும் அந்த பஸ். சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பு சமைக்கும் நாளில், கூடவே செய்கிற இனிப்புப் பட்டை ரொட்டிச் சுருளில் பன்னிரண்டை நான் கட்டிக் கொடுப்பேன்.

மூன்றாவது வருடம் அக்டோபரில், செலவு தாங்காது என்று குழு கிறிஸ்துமஸோடு அந்த பஸ்ஸை நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. டெஸ்ஸாவுக்கு இன்னும் இரண்டே பாடம். முடித்தால் இரண்டு வருடக் கல்லூரிப் பட்டத்தோடு நர்ஸ் படிப்பில் நேராக மூன்றாம் வருடம் சேரலாம். முடிக்காவிட்டால் முதல் வருடத்திலிருந்து. நாலு வருடம் படிக்க வைக்க அந்த வீட்டில் வழியில்லை, ஊருக்கே தெரியும்.

குழுக் கூட்டம் எப்போதும் திங்கட்கிழமை. அந்த மாதம் மட்டும் வியாழனுக்கு மாற்றினார்கள். பேச விரும்புகிறவர் ஆறரைக்குள் நேரில் வந்து தாளில் கையெழுத்துப் போட வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம். பேச வேண்டிய பன்னிரண்டு பேரும் அப்போது நெடுஞ்சாலையில் இருப்பார்கள் என்று தெரிந்தே செய்த வேலை. இதைச் சூழ்ச்சி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

குழுத் தலைவன் ராய்ஸ் கெட்டரிங், டிராக்டர் விற்கிறவன். மார்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன், கணக்கில் அவளைப் பார்த்து எழுதித் தேறியவன். எனக்குக் கிடைத்த மூன்று நிமிடமும் கத்தினேன்.

"இருபது நிமிஷம் பொறுக்க முடியாதா ராய்ஸ்? பிள்ளைங்க வந்துட்டே இருக்காங்க."

"விதி விதிதான். அடுத்தது?"

கை தூக்கினார்கள். ஐந்துக்கு இரண்டு. பஸ்ஸை நிறுத்துவதென்று முடிவு.

ஏழு மணிக்கு மார்லிஸ் பிள்ளைகளோடு உள்ளே வந்தாள். யாரும் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை. டெஸ்ஸா கையில் எழுதி வைத்த பேச்சு.

"அந்த விஷயம் முடிஞ்சது மார்லிஸ்," என்றான் ராய்ஸ்.

அவள் மேசையிலிருந்த கையெழுத்துத் தாளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். சாவிக்கொத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"அப்போ நானும் முடிச்சுக்கிறேன். நாளைக்கு ஃபுட்பால் டீமை நீயே கூட்டிட்டுப் போ."

மறுநாள் வெளியூரில் நாக்-அவுட் ஆட்டம். பஸ் ஓட்டும் உரிமம் வைத்திருந்த மற்ற இருவரில் ஒருவர் முழங்கால் அறுவை செய்து படுத்திருந்தார், மற்றவர் அரிசோனாவுக்கே குடிபோய்விட்டார். ஊரில் மிச்சமிருந்த ஒரே டிரைவரின் வாயை அடைத்துவிட்டு இத்தனை தெளிவாகத் திட்டம் போட்டிருந்தார்கள், மூளைக்காரர்கள்!

"பசங்க மேல கோபத்தைக் காட்டாதே, மார்லிஸ்," என்றான் ராய்ஸ்.

"இவங்களும் பசங்கதான். இவங்க கையில பந்து இல்ல, அவ்ளோதான்."

பத்தே நிமிடத்தில் மறுபடி கை தூக்கினார்கள். பஸ் ஓடட்டும் என்று ஏழு பேரும். டெஸ்ஸாவின் பேச்சை அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. தாள் மடித்தபடியே அவள் பைக்குள் போனது. பிள்ளைகளின் படிப்புக்காக அந்த பஸ் பிழைக்கவில்லை, பந்துக்காகப் பிழைத்தது. இன்றுவரை என்னால் அதை ஜீரணிக்க முடியவில்லை.

மே மாதம், பள்ளிப் பட்டமளிப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே டெஸ்ஸா அந்த இரண்டு வருடக் கல்லூரிப் பட்டத்தை வாங்கினாள். கல்லூரி வாசலில் எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். ராய்ஸ் புது டை கட்டி, அவள் தோளில் கைபோட்டு நின்றான். "எங்க குழு ஆரம்பிச்ச திட்டம்," என்று வெட்கமில்லாமல் சொன்னான். பிறகு பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தான்.

"மார்லிஸ், வாயேன்! நீயும் வந்து நில்லு."

அவள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஆறரைக்குள்ள நான் கையெழுத்துப் போடல ராய்ஸ். நீயே நின்னுக்கோ."

டெஸ்ஸா அவன் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, பட்டத்தோடு வந்து பஸ்ஸில் ஏறினாள்.