குடும்ப விவரம்: காலி

ஓய்வூதியப் பிரிவு என்பது வேலையை முடித்தவர்களும், வாழ்க்கையை முடித்தவர்களின் வீட்டாரும் வந்து சேருகிற இடம். சந்தோஷமாகப் படியேறி வந்தவர் ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தின் முதல் மாடியில், ஜன்னலோர மேஜையில், இருபத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்காரர்கள் வருகிற பிரிவைக் கொண்டுபோய் மாடியில் வைத்தது யாருடைய யோசனை என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ‘அசலும் இரண்டு நகலும்’ என்று காதில் விழுந்ததுமே உங்களுக்கும் அலுப்புத் தட்டுமானால், மேஜைக்கு எந்தப் பக்கம் நின்றவராக இருந்தாலும் நீங்கள் என் கட்சிதான்.

அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து

நவம்பர் மாதம் ஊருக்கு மழை, எங்களுக்கு உயிர்வாழ் சான்று. ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷம் ஒருமுறை சான்று கொடுக்க வேண்டும். நேரில்தான் வர வேண்டுமா, படுக்கையில் கிடந்தால் என்ன செய்வது, ரேகை பதியாவிட்டால் பணம் நின்றுவிடுமா என்று ஒரே கேள்விகளை ஒரு நாளைக்கு நாற்பது பேர் கேட்பார்கள். நாற்பதாவது ஆளுக்குச் சொல்லும்போது என் குரல் எனக்கே கடுகடுவென்று கேட்கும். பாவம், அவர் இப்போதுதான் முதல்முறை கேட்கிறார்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் வருவார். அவருடைய மச்சான் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத ஆள் குறைவு. எங்கள் பென்ஷனை அதோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடாத ஆள் அதைவிடக் குறைவு. மாஸ்டரும் ஒவ்வொரு நவம்பரிலும் மச்சானின் பெருமையைப் பாடி முடித்துவிட்டுத்தான் விரலை நீட்டுவார். சுண்ணாம்புக்கட்டி பிடித்துத் தேய்ந்த விரல், ரேகை பதியாது. துடைத்துத் துடைத்து ஏழாவது தடவை மெஷின் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. அவர் எழுந்திருக்கவில்லை. மேஜையில் குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னார்: “அடுத்த வருஷத்துக்கும் சேத்து இப்பவே ஒரு சீல் வெச்சுடும்மா. நான் இருப்பேன், அதுக்கு நான் கேரண்டி.”

ஜோடிப் படம்

ஓய்வு பெறுகிறவர் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம் ஒன்று தர வேண்டும். நாளைக்கு ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர் யாரென்று அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்காக. ‘குடும்பப் படம்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தது. ஒருவர் காதுகுத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். அதில் பதினெட்டு பேர் இருந்தார்கள், அவரைத் தவிர.

இன்னொரு தம்பதி. இருவரும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது அவர்கள் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அவருக்குச் சொல்ல வேண்டியதை அந்த அம்மாள் என்னிடம் சொன்னார், அவரும் பதிலை என்னிடமே சொன்னார். எனக்கு இதற்குத் தனிப் படி கிடையாது. எதிர் வரிசை ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அரை மணியில் திரும்பி வந்தார்கள். படத்தில் அவர் சட்டைக் காலரை யாரோ நேராக்கி விட்டிருந்தது தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அந்த அம்மாள் கவனித்துவிட்டார். “படம் கோணலா இருந்தா நீங்க திருப்பி அனுப்புவீங்கன்னுதான் சரி பண்ணேன். வேற ஒண்ணும் இல்ல மேடம்.”

நல்லாப் பாருங்க

விஜயா முதல்முறை வந்தது ஒரு திங்கட்கிழமை. அவர் கணவர் ஏழுமலை எங்கள் துறையில் பம்ப் ஆபரேட்டர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது, காலையில் வேலைக்குக் கிளம்பி செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வாடகை வீடு, நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரே பெண். விஜயா ரவிக்கை தைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். குடும்ப ஓய்வூதியம் வந்தால்தான் பெண் படிப்பை முடிப்பாள், இல்லையென்றால் ஏதாவது துணிக்கடையில் நிற்கப் போகிறேன் என்கிறாள், என்றார். கணவர் சாப்பாடு கொண்டுபோன ஒயர் பையில்தான் காகிதங்களை வைத்திருந்தார்.

ஏழுமலையின் ஃபைலை எடுத்தேன். குடும்ப விவரப் படிவத்தில் மனைவி பெயர், மகள் பெயர் எழுத வேண்டிய கட்டங்கள் காலி. கீழே அவர் கையெழுத்து மட்டும் இருந்தது. ஓரத்தில் பென்சிலில் ‘பிறகு’ என்று ஒரு வார்த்தை. அது என் எழுத்து.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு எல்லோரிடமும் இந்தப் படிவத்தைப் புதிதாக வாங்கினோம். ‘பணியாளர் இறக்க நேரிட்டால்’ என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் படித்ததும் நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் கை ஓடாது. எமகண்டம் போகட்டும் என்பார்கள், செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்பார்கள். ஏழுமலை அன்றைக்கு அஷ்டமி என்றார், பெண்டாட்டி பேரை இதில் எழுத மனசு வரவில்லை, நாளைக்கு வந்து எழுதுகிறேன் என்றார். மறுநாள் நவமி. அதற்கப்புறம் அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மேஜையில் அன்றைக்கு நூறு படிவம் இருந்தது என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் விஜயா எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெயர் பதியவில்லை, அதனால் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று, கல்யாணத்துக்கு அத்தாட்சி எல்லாம் வாங்கி வர வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. “அவரு அப்பிடி உட்டுட்டுப் போற ஆளு இல்ல மேடம். எழுதியிருப்பாரு, நல்லாப் பாருங்க.”

அவர் படி இறங்கிய பிறகு ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் வார்த்தையை அழித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆம்பளைக்கும் உண்டா

கதிர்காமத்திலிருந்து ஒருவர் வந்தார், சரியாகச் சாப்பாட்டு நேரம் பார்த்து. அந்த நேரத்தில் வருகிறவர்கள் மீது எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு என்ன என்றேன். அவர் மனைவி அரசு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து மூன்று மாதம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் என்பது விதவைகளுக்கு மட்டும்தானே என்று தலையைக் குனிந்தபடி கேட்டார். இல்லை, கணவனுக்கும் உண்டு, அவங்க உங்க பேரை எழுதி வைத்திருக்கிறார்கள், படமும் இருக்கிறது என்று ஃபைலைத் திருப்பிக் காட்டினேன். அந்த அம்மாள் எல்லாக் கட்டத்தையும் அழகாக நிரப்பியிருந்தார்.

அவர் படிவத்தை வாங்கினார், கையெழுத்துப் போடவில்லை. மூன்று மாதம் யோசித்திருக்கிறார். ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்ததும் அதனால்தான். தெருவில் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறார் என நினைத்து, நானும் சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பிரச்சினை அது இல்லை. “முப்பத்திமூணு வருஷம் நின்னு நின்னு அவளுக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. செத்த பெறவும் அவளே எனக்கு சம்பாதிச்சுப் போடணுமா மேடம்?”

என் ஃபைல்

அன்றைக்கு மாலை எனக்கே சந்தேகம் வந்து என் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த வருஷம் கொடுத்த விவரம் அப்படியே இருந்தது. தகப்பனார் பெயர், தாயார் பெயர். இருவரும், எங்கள் முஸ்லிம் வீடுகளில் சொல்வதுபோல், மௌத்தாகி வருஷங்கள் ஆகிவிட்டன. கணவர் பெயர் இல்லை, இரண்டு பிள்ளைகளின் பெயரும் இல்லை. புதிய படிவம் எல்லோரிடமும் வாங்கியபோது என்னுடையதை மட்டும் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்க வேண்டிய ஆள் நான்தான்.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் கணவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மறுநாளே கடையை மூடிவிட்டு வெள்ளைச் சட்டையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் அவரிடம் எதிர்பார்த்தது குறைந்தது ஒரு வாரத் தாமதம். பூர்த்தி செய்த படிவத்தையும் படத்தையும் பக்கத்து மேஜை சிவக்குமாரிடம் நீட்டினேன். என்னைவிட இருபது வயது சின்னவன், என்னிடம்தான் வேலை கற்றுக்கொண்டான். தேதியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “உங்களுக்குத்தான் அஷ்டமி நவமி எதுவும் கெடையாதே யக்கா, நீங்க ஏன் இத்தினி நாளா எழுதல?”

நல்ல மேடம்

விஜயா பதினாறு மாதம் நடந்தார். கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு கிடையாது. பத்திரிகை எங்கே என்றார்கள். கொண்டுவந்தபோது ரேஷன் அட்டையில் பழைய முகவரி இருக்கிறதே என்றார்கள். அதைச் சரி செய்தபோது விசாரித்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் தைத்துக் கொடுக்க வேண்டிய துணிகளை அந்த ஒயர் பையிலேயே காகிதங்களோடு வைத்து எடுத்து வருவார், வரிசையில் நிற்கும்போது ஹூக் வைத்துக்கொண்டிருப்பார். நானும் தாலுகா ஆபீஸுக்கு இரண்டு முறை போய் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் கால் வலியோடு தெரிந்தது. நடுவில் ஒரு பருவம் அவர் பெண் கல்லூரிக்குப் போகவில்லை. அந்தச் செய்தியை விஜயா என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார்.

கடைசியில் உத்தரவு வந்தது. பெண் மறுபடி கல்லூரிக்குப் போகிறாள் என்றார். நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இனியும் மறைத்தால் தாங்காது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் படிவத்தை நிரப்பாமல் அவரை அனுப்பியது நான்தான், இரண்டு நிமிஷம் பிடித்து உட்கார வைத்திருந்தால் உங்களுக்கு இத்தனை அலைச்சல் இல்லை, எழுதின பென்சில் குறிப்பையும் அழித்துவிட்டேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நிம்மதியாக இருக்கும் என்றும் நினைத்தேன். விஜயா உத்தரவை நாலாக மடித்து ஒயர் பையில் வைத்தார். “அவரு அன்னைக்கே வூட்டுல வந்து சொன்னாரு மேடம். மறுநா போயி எழுதியிருப்பாருன்னு நான் நெனச்சிட்டேன். ‘அந்த மேடம் ரொம்ப நல்ல மேடம், என்னைக் கட்டாயப்படுத்தல’ன்னு சொன்னாரு.”

அதிலிருந்து அஷ்டமியோ நவமியோ, எல்லாக் கட்டமும் நிரம்பாமல் யாரையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை. இப்போது துறை முழுக்க எனக்குப் பொல்லாத மேடம் என்றுதான் பெயர், ஓய்வு பெறும்வரை அது அப்படியே இருந்துவிட்டால் போதும்.