மாமா முகம் நகர்ந்தால்தான் நைட்டி

நான் வேலை பார்ப்பது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்பதோடு முடித்துக்கொள்வேன். உண்மையான வேலை, ஆன்லைன் கடைகளைச் சீக்கிரம் திறக்க வைப்பது. வெளிநாட்டில் யாரோ சோபா வாங்க வருகிறார். பக்கம் திறக்கக் கொஞ்சம் தாமதமானால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். அவர் போகாமல் இருக்க நாங்கள் ஒரு கூட்டமே உட்கார்ந்து, அந்த சோபா படத்தின் எம்.பி. எடையைக் குறைத்துக்கொண்டிருப்போம். இப்படி ஊரான் வீட்டு சோபாவுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற எனக்கு, சொந்த அக்காவின் கடை எந்த லட்சணத்தில் திறக்கிறது என்பது எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அக்கா இருப்பது அச்சரப்பாக்கத்தில். பாக்கெட் வைத்த காட்டன் நைட்டி தைத்து ஆன்லைனில் விற்கிறாள். பாக்கெட் என்றால் பேருக்கு ஒன்று இல்லை. போன், சாவிக்கொத்து, துணி மாட்டும் கிளிப் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறலாம். கடைக்கு முன்பு பல வருஷம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கம்பெனி வேனை ஓட்டுவது எங்கள் தாய்மாமா.

அக்கா வேலையை விட்டதை மாமாவால் ஜீரணிக்க முடியவில்லை. "பொங்கல் வரிக்கும் பாரு. ஓடலன்னா வண்டில ஏறிக்கோ" என்று சொல்லி, ஜன்னலோரத்தில் அவள் உட்காரும் சீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். சூப்பர்வைசரிடமும் பேசி வைத்திருந்தார். தினமும் காலையில் எங்கள் தெருமுனையில் வேனை நிறுத்தி ஒரு ஹாரன் அடிப்பார். அக்கா வாசலுக்கு வந்து கையை ஆட்டிய பிறகுதான் வண்டி நகரும். அவர் பாசத்தில்தான் செய்தார். ஆனால் "அந்த ஆரன் சத்தம் கேட்டாலே திரும்ப வேலைக்குக் கூப்புடறா மாதிரி கீதுடி" என்பாள் அக்கா. தீபாவளி முடிந்திருந்தது. ஆர்டர் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நைட்டிகள் மட்டும் பீரோவுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தன.

நான் இருக்கும் படூர் அடுக்குமாடியில் அந்த எதிர்வீட்டு அம்மாவிடம் நானே பெருமையாகக் கடையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவர் லிப்டுக்குள் வரும்போது போனில் திறந்தார். எங்கள் மாடியில் இறங்கும்போது ஒரு கறுப்புக் கண்ணாடி மட்டும் வந்திருந்தது. அவர் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அதற்குக் கீழே மீசை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க அக்கா எலெக்‌ஷன்ல நிக்கிறாங்களா?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த மீசை மாமாவுடையது. சனிக்கிழமை அச்சரப்பாக்கத்துக்கு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நடந்தது இதுதான். கடைக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றதும், எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பேனர் அடிக்கும் பிளெக்ஸ் கடைக்காரரிடமே மாமா பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். அவருக்குத் தெரிந்த தொழிலை அவர் குறை வைக்காமல் செய்திருந்தார். திறந்ததும் வெள்ளைக் குதிரைகள் ஓடும். மேலிருந்து ரோஜா இதழ் கொட்டும். நாதஸ்வரம் தானாகவே வாசிக்கும். சர்ச்சுக்குப் போகும் சித்தி வீட்டார் வருத்தப்படக் கூடாது என்று ஒரு புறாவும் உண்டு. அதன் கீழே வரிசையாக மாமா, சித்தப்பா, பெரியப்பா, மச்சான்கள், மச்சான்களின் மச்சான்கள். ஒருவர் காதில் போன் வைத்திருந்தார், ஒருவர் கும்பிட்டார், ஒருவர் எங்கோ நடந்து போய்க்கொண்டிருந்தார். ஒரு காதுகுத்து விசேஷத்திலிருந்து மாமாவும் சித்தப்பாவும் பேசுவதில்லை. ஆனாலும் இருவருக்கும் ஒரே அளவு. ஒரு விரற்கடை குறைந்தாலும் பஞ்சாயத்து வரும் என்று பிளெக்ஸ்காரருக்குத் தெரியும். இத்தனை பேரையும் தாண்டிப் போனால், ஒருவழியாக நைட்டி.

அதைவிடப் பெரிய கூத்து, ஒவ்வொரு முகமும் பேனரில் அடிக்கும் அளவிலேயே போனுக்கும் வந்துகொண்டிருந்தது. பிளெக்ஸ்காரரைப் போய்ப் பார்த்தேன்.

"இவ்ளோ பெரிய போட்டோ எதுக்குண்ணா?"

"பெருசா இருந்தாத்தான் மேடம் கிளியரா இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்ல பஸ்ல போறவனுக்கும் மூஞ்சி தெரியணும் இல்ல?"

"இத பஸ்லேர்ந்து பாக்கல. கையில வெச்சி பாக்கறாங்க."

"கையில வெச்சி பாக்கசொல்ல, ரெண்டு வெரலால இழுத்துப் பெருசாக்கிப் பாப்பாங்களே. அப்ப புள்ளிபுள்ளியா தெரிஞ்சா அசிங்கம் எனக்குத்தானே?"

மாமாவின் மீசையை எந்தப் பொம்பளை இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பாள் என்று கேட்க வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை, அதாவது பாஸ்வேர்டை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மதியமே குதிரைகளை அவிழ்த்துவிட்டேன். இதழ்களைக் கூட்டிப் பெருக்கினேன். நாதஸ்வரத்தை நிறுத்தினேன். புறாவை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பறக்கவிட்டேன். படங்களின் எடையைக் கரைத்து, நைட்டிகளை மேலே கொண்டுவந்து, உறவினர்கள் அனைவரையும் அடியில் உட்கார வைத்தேன். அங்கே வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் அவர்கள் காட்சி தருவார்கள். பக்கம் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. அக்கா திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துச் சிரித்தாள். அடுத்த சில நாட்களிலேயே கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்தும் எங்கள் அடுக்குமாடியிலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்தது.

பிறகு மாமாவின் போன் வந்தது. ட்ரிப்புக்கு நடுவே வேனில் உட்கார்ந்து கடையைத் திறந்து மற்ற டிரைவர்களுக்குக் காட்டுவது அவர் வழக்கம்.

"இன்னா கண்ணு, கடையில என்னக் காணோம்?"

"கீழ கீறீங்க மாமா. வெரலால தள்ளினா வருவீங்க."

"கீழயா?"

அவ்வளவுதான் கேட்டார், போனை வைத்துவிட்டார். என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அங்கே உட்காரச் சொன்னால் கீழேதான் உட்கார வேண்டும். மாமா அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர். ரோட்டோர பேனரில் தன் முகம் முதல் முறை ஆள் உயரத்துக்கு வந்த அன்று, அதற்கு எதிரே வேனை நிறுத்தி, பார்த்துக்கொண்டே டீ குடித்தாராம். அந்த மனிதரைத்தான் நான் தள்ளினால் வருவீர்கள் என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையிலும் ஹாரன் அடித்தார், ஆனால் அக்கா கையை ஆட்டியபோது திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தார். நானும் போயிருந்தேன். அக்கா மெஷினில் உட்கார்ந்து பாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். டீ கொடுத்தேன். வேண்டாம் என்றார். எங்கள் குடும்பத்தில் டீயை வேண்டாம் என்றால் அது போர் அறிவிப்பு.

"ஒரு பொண்ணு தனியா கடை வெச்சிகினு கீது. பின்னால ஆள் கீதுன்னு நாலு பேருக்குத் தெரிய வாணாமா?" என்றார் மாமா. "மூஞ்சியே இல்லாத கடையில எவன் வாங்குவான்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆபீசில் சொல்வது போல ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அக்கா என்னை நிறுத்தினாள். பழைய பக்கத்தை அழிக்காமல் வைத்திருந்தேன், அதை மாமாவின் போனில் திறந்துவிடச் சொன்னாள்.

"மாமா, இதுல அத்தைக்கு ஒரு நைட்டி ஆர்டர் போடுங்க" என்றாள். "நா ஒண்ணும் பேச மாட்டேன்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்து போனைப் பிடித்தார். முதலில் குதிரை ஒன்றின் கழுத்து வந்தது. நாதஸ்வரம் ஆரம்பித்து, விக்கி, நின்றது. பிறகு தலைமுடி, நெற்றி, கறுப்புக் கண்ணாடி, மீசை. "வந்துட்டேன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்ததாகச் சித்தப்பா இறங்க ஆரம்பித்தார். மாமாவின் சிரிப்பு போய்விட்டது. சித்தப்பா மூக்கு வரை வந்து அப்படியே நின்றுகொண்டார்.

"இவன் இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் நிக்கறான்?"

"அவரும் உங்க சைஸ்தான் மாமா" என்றேன்.

திரையில் வட்டம் சுற்றியது. மாமா போனை ஜன்னல் பக்கம் நீட்டினார். எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். பெரியப்பா வந்தார். நடந்து போகும் மச்சான் வந்தார்.

"நைட்டி எங்க கீது?"

"வரும் மாமா. இன்னும் ரெண்டு மூணு மச்சான் போவணும்."

போன் சுட ஆரம்பித்ததும் கை மாற்றிப் பிடித்தார். மேலே தள்ளினார், கீழே தள்ளினார். மூலையில் 'அன்புடன்' என்று பிளெக்ஸ் கடைக்காரரின் முகம்கூட வந்துவிட்டது. மாமா மறுபடியும் முதலிலிருந்து மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். இப்போது அவர் நைட்டியைத் தேடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"அல்லாரும் கீறானுங்க" என்றார். "நீ எங்க கண்ணு?"

அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அல்லாரும் போட்டோவுக்கு நிக்கசொல்ல நா தச்சிகினு இருந்தேன் மாமா."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். படங்களை ஒவ்வொன்றாக எடை போட்ட எனக்கே அவள் முகம் இல்லாதது கண்ணில் படவில்லை.

மாமா போனை என்னிடம் நீட்டினார். "அல்லாத்தியும் எடு."

"கீழயாவது இருக்கட்டும் மாமா."

"எடுன்றேன் இல்ல? இவ மூஞ்சிய மட்டும் போடு. சின்னதா போடு, சட்டுனு வரணும்."

அக்காவைத் தலை வாரிக்கொண்டு வரச் சொல்லாமல், மெஷினோடு சேர்த்து அவரே போட்டோ எடுத்தார். விரல் ஒன்று ஓரத்தில் விழுந்திருந்தது, வெட்டிவிட்டேன். புதிய பக்கத்தில் அத்தைக்கு ஒரு நைட்டி ஆர்டர் போட்டார். ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். பிறகு சட்டைப் பையில் வேன் சாவியைத் தேடிக்கொண்டே எழுந்தார்.

"நாளைலேர்ந்து வண்டி இங்க நிக்காது. மதுராந்தகத்துல ஏறுற பொண்ணு ஒண்ணு தெனமும் நின்னுகினே வருது. உன் சீட்ட அதுக்குக் குடுத்துடறேன்."

மெஷின் நின்றது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது. அக்கா தைத்த பாக்கெட்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள்.

"ஓடலன்னா மாமா?" என்றாள்.

"ஓடலன்னா நீயும் நின்னுகினு வா" என்றார் மாமா. "சீட்டு கெடையாது."